பல வருடம் நின்றுபோன பழைய டிராக்டர்: எதைப் பார்த்து வாங்குவது, எந்த வரிசையில் பிரிப்பது

கேள்வி இதுதான்: பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கொட்டகையில் நின்ற மாஸி ஃபெர்குசன் 35 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் சுற்றுமா என்று தெரியாது. பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு வாங்கலாமா, வாங்கினால் எங்கிருந்து தொடங்குவது?

ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். நின்றுபோன வண்டிகள் பலவற்றின் எஞ்சின் கெடுவது நின்ற காலத்தில் அல்ல, மறுபடி ஓடவைக்கும் முதல் பத்து நிமிடத்தில்தான். எண்ணெய் ஏறாத பேரிங், ஒட்டிக்கொண்ட வால்வு, பம்புக்குள் இறுகிப்போன கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காத்திருக்கும். ஸ்டார்ட் செய்யாமலே வண்டியின் நிலையை முக்கால்வாசி தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

முதலில் அது எந்த வண்டி என்று உறுதி செய்யுங்கள். இந்த 35 வரிசை 1956-ல் வந்தது. அப்போது சாம்பல் நிறத் தகடும் வெண்கல நிற எஞ்சினுமாக இருந்தது. 1957 இறுதியில் சிவப்புத் தகடு, சாம்பல் வார்ப்பு என்று மாறியது. தொடக்க கால டீசல் வண்டிகளில் இருந்தது ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின். குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் என்று பெயர் வாங்கியது அது. 1959 இறுதியில்தான் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. இன்ஜெக்டர்களை, அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக டீசல் தெளிக்கும் பாகங்களை, எண்ணினால் தெரிந்துவிடும். மூன்று இருந்தால் உதிரிபாகக் கவலை பெரிதும் குறையும், ஏனென்றால் அந்த எஞ்சின் பிற்காலத்தில் எத்தனையோ வண்டிகளிலும் இயந்திரங்களிலும் பொருத்தப்பட்டது. நான்கு இருந்தால் லைனர் (சிலிண்டருக்குள் இருக்கும் உறை), பிஸ்டன், ஹெட் கேஸ்கட் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். தகட்டில் உள்ள வண்டி எண்ணையும் பிளாக்கில் அடித்திருக்கும் எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் எஞ்சின் மாற்றியிருப்பது சகஜம். பாகம் வாங்கும்போது வண்டியின் வருடத்தைவிட எஞ்சின் எண்தான் பேசும்.

அடுத்து வார்ப்பு. இந்த வகை வண்டிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின்புற ஹவுசிங் மூன்றையும் போல்ட் போட்டு இணைத்ததுதான் முதுகெலும்பு. அதனால் லைனர், ரிங் போனால் கவலையில்லை, ஹவுசிங்கில் விரிசல் இருந்தால்தான் கவலை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் விளிம்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, வெளிச்சம் அடித்துப் பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி பிதுங்கி நின்றால் அந்த போல்ட் நெடுநாள் தளர்ந்து ஆடியிருக்கிறது. வார்ப்பில் வெல்டிங் தையல் தெரிந்தால், அதிலும் முன்னால் லோடர் மாட்டி ஓட்டிய வண்டியாக இருந்தால், விட்டுவிடுவது நல்லது. உறைபனி விழும் ஊரில் நின்ற வண்டி என்றால் பிளாக்கின் பக்கவாட்டைப் பாருங்கள். உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து விரிந்திருந்தால், தலைமுடி அளவில் துருக்கோடு ஒன்று நீளவாக்கில் ஓடும். சிலர் அதன்மேல் பேஸ்ட் பூசிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் அங்கேதான் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது எண்ணெய். இதற்கு ஒரு ஸ்பேனரும் ஒரு கண்ணாடிக் குவளையும் போதும். டிப்ஸ்டிக்கை எடுத்து அளவைப் பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் பெரிய விஷயமில்லை. மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால்தான் சேதி இருக்கிறது, ஒன்று தண்ணீர், இல்லை டீசல். எஞ்சினைச் சுற்றாமல் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியின்) அடி நட்டை மெல்லத் தளர்த்தி முதலில் சொட்டுவதைக் குவளையில் பிடியுங்கள். நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கும் என்பதால் அதுதான் முதலில் வரும். கால் குவளை தண்ணீர் என்றால் சைலன்சர் வழியாக மழை இறங்கியிருக்கலாம். அப்படியானால் திறந்திருந்த வால்வின் சிலிண்டரில் துரு இருக்கும். லிட்டர் கணக்கில் வந்தால் ஹெட் கேஸ்கட், விரிசல், அல்லது ஈர லைனர் (வெளிப்பக்கம் நேராகத் தண்ணீர் படும் லைனர்) எஞ்சினாக இருந்தால் லைனர் அடி சீல், இந்த மூன்றில் ஒன்று. தண்ணீர் இல்லாமல் எண்ணெய் நீர்த்து டீசல் வாடை அடித்தால், ஃபீட் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கும் அல்லது இன்ஜெக்ஷன் பம்பின் தண்டு சீல் போயிருக்கும். இரண்டும் சரிசெய்யக்கூடியவை. ஆனால் அந்த எண்ணெயோடு ஓட்டினால் பேரிங் தங்காது.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். துருச்சேறு சகஜம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மேலே சொன்ன சந்தேகம் உறுதிப்படும். பின்புற ஹவுசிங் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் பதறாதீர்கள். வெளியே நின்ற வண்டியில் கியர் லிவரின் ரப்பர் பூட் கிழிந்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு சிறு ரப்பர் துண்டுக்காக ஏறத்தாழ 30 லிட்டர் எண்ணெய் வீணாகும், ஹைட்ராலிக் வால்வு துருப்பிடித்து ஒட்டும். வாங்கிய அன்றே அந்த பூட்டை மாற்றுங்கள்.

முன் அச்சு: ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை முட்டுக்கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்கும் ஸ்டப் ஆக்ஸிலுக்கும் இடையே ஒரு நெம்புகோலைச் செருகிப் பிடிக்க, மற்றவர் மறுபடி ஆட்டட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் புஷ். அச்சின் நடு பின்னில் உள்ள ஆட்டத்தையும் பாருங்கள். கிரீஸ் காணாத வண்டிகளில் அந்த ஓட்டையே முட்டை வடிவமாகியிருக்கும். பின் டயரில் எடைக்காக கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியிருந்தால் வால்வு துவாரத்தைச் சுற்றி ரிம் அரித்திருக்கும். டயரைவிட ரிம் தேடிப் பிடிப்பது கடினமான காரியம். பிரேக் டிரம்மின் அடியில் எண்ணெய் ஒழுகிய தடம் இருந்தால் பின் அச்சின் ஆயில் சீல் போய் லைனிங் நனைந்திருக்கிறது; நனைந்த லைனிங்கைக் கழுவிப் போட்டால் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று சொல்லி விற்கும் வண்டிகளில் ஒரு சமாசாரம் உண்டு. ஃபெர்குசன் வகையில் ஹைட்ராலிக் பம்ப் பின்புற ஹவுசிங்குக்குள் எண்ணெயில் மூழ்கி இருக்கும், பி.டி.ஓ. தண்டுதான் (பின்னால் மாட்டும் கருவிகளுக்கு எஞ்சின் சக்தியைக் கொடுக்கும் தண்டு) அதைச் சுழற்றும். சில மாடல்களில் பி.டி.ஓ. லிவர் இணைப்பில் இல்லையென்றால் லிஃப்ட் அசையாது. இது தெரியாமல் நல்ல பம்பைப் பழுது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கியாகிவிட்டது என்றால், இனி எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கும் கட்டம்.

முதல் வேலை ராக்கர் கவரைக் கழற்றுவது. ஒவ்வொரு வால்வின் தலையிலும் பிளாஸ்டிக் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல வால்வு அமுங்கி உடனே எழும். அமுங்காமல் நின்றாலோ, அமுங்கி எழாமல் கிடந்தாலோ அந்த வால்வு கைடில் ஒட்டியிருக்கிறது. அப்படியே எஞ்சினைச் சுற்றினால் புஷ் ராடு வளையும், மோசமானால் பிஸ்டன் வால்வைப் போய் முட்டும். வால்வு தண்டுக்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, நாளுக்கு இரண்டு முறை தட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

அடுத்து இன்ஜெக்டர்களைக் கழற்றி வெளியே எடுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ தேங்கியிருந்தால் அது அமுங்காது. செல்ஃப் மோட்டாரால் சுற்றும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐம்பது மில்லி அளவு டீசலும் ஆட்டோமேடிக் கியர் எண்ணெயும் சமமாகக் கலந்து ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். பிறகு கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். கால் அங்குலம் அசைந்தால் போதும், அதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள், எண்ணெய் இறங்கும். நீளக் குழாய் மாட்டித் தொங்கினால் நட்டு உடையும். வேறொரு வண்டியில் கட்டி, கியர் போட்டு இழுப்பது இன்னும் மோசம்: ஒட்டிய ரிங் உடைந்து லைனரைக் கீறிவிடும். ரெண்டு மூன்று வாரத்துக்கும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றுங்கள். எந்த சிலிண்டர் ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் தெரியும். அதன் பிஸ்டனில் மரக்கட்டை வைத்துத்தான் தட்ட வேண்டும், இரும்பு படக் கூடாது.

எஞ்சின் தாராளமாகச் சுற்றினால் அடுத்தது கம்ப்ரஷன். டீசலுக்கு 40 பார் வரை காட்டும் அளவி வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம்; மூன்று, மூன்றரை பாருக்கு மேல் போனால் அந்த சிலிண்டரைத் தனியாகக் கவனியுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது லைனர், ஏறாவிட்டால் வால்வு. ஒரு எச்சரிக்கை: பல வருடம் நின்ற எஞ்சினில் ரிங்குகள் காடியில் ஒட்டிக் கிடக்கும், முதல் அளவு குறைவாகத்தான் வரும். சில மணி நேரம் ஓடியபின் தானே ஏறுவதும் உண்டு. முதல் அளவை வைத்து எஞ்சினைப் பிரிக்க முடிவு செய்ய வேண்டாம்.

டீசல் பக்கம் பொறுமையாக வேலை பார்க்க வேண்டியது. டேங்கை இறக்கிக் கழுவாமல் புது ஃபில்டர் போடுவது வீண். பழைய டீசல் கோந்தாகி அடியில் படிந்திருக்கும், முதல் குலுக்கலிலேயே எல்லாம் குழாய்க்கு வந்துவிடும். டேங்கில் ஓட்டை இருந்தாலும் நேரடியாக வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே ஆவி தங்கியிருக்கும், காலி டேங்க்தான் வெடிக்கும். இன்ஜெக்டர்களைப் பம்ப் பட்டறையில் கொடுத்துத் திறக்கும் அழுத்தமும் தெளிப்பும் பார்க்கச் சொல்லுங்கள். தெளிப்பைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும் காயம். திரும்பப் பொருத்தும்போது செம்பு வாஷர்களைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். ஆனால் இன்ஜெக்டர் அடி வாஷருக்குப் புதியதே நல்லது. பழைய வாஷர் ஓட்டையிலேயே தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வாஷர் சேர்ந்தால் நாசில் உயரம் மாறிப் புகை அடிக்கும்.

பெர்கின்ஸ் மூன்று சிலிண்டரில் இருப்பது சி.ஏ.வி. டி.பி.ஏ. சுழல் பம்ப். அது டீசலாலேயே உயவு பெறுகிறது. வருடக்கணக்கில் காய்ந்து நின்றால் உள்ளே டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு ஒட்டிக்கொள்ளும். மூடிய நிலையில் ஒட்டினால் ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். திறந்த நிலையில் ஒட்டினால் ஸ்டார்ட் ஆன கணமே எஞ்சின் கட்டுக்கு மீறி ஓடும், ஸ்டாப் இழுத்தாலும் நிற்காது. இதனால்தான் முதல் ஸ்டார்ட்டுக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்று சொல்வது. பம்பைக் கழற்ற நேர்ந்தால் பம்ப் விளிம்பிலும் எஞ்சினிலும் சேர்ந்தாற்போல் கோடு கிழித்துவிட்டுக் கழற்றுங்கள். டைமிங்குக்கு அந்தக் கோடுதான் சாட்சி.

டேப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வு தலைக்கும் நடுவே விடும் இடைவெளி) இந்த எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர், சூட்டில் 0.010 அங்குலம், 0.25 மில்லிமீட்டர். எரியும் வரிசை 1-2-3. முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் மேல்நிலைக்குக் கொண்டுவந்து அதன் இரண்டு வால்வையும் வையுங்கள். அங்கிருந்து கிராங்கை 240 டிகிரி சுற்றினால் இரண்டாவது, இன்னொரு 240-ல் மூன்றாவது. ஃபீலர் கேஜ் லேசான இழுப்போடு நகர வேண்டும். ராக்கரின் முகம் குழிந்து தேய்ந்திருந்தால் தட்டைக் கேஜ் பொய்யான அளவு காட்டும், அப்போது ராக்கரைத் தீட்டியோ மாற்றியோதான் வைக்க முடியும்.

மின்சாரத்தில் ஒன்று மட்டும். இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி உடலோடு இணைந்திருக்கும். பழக்கத்தில் நெகட்டிவை உடலோடு இணைத்தால் டைனமோ சார்ஜ் செய்யாது. மாற்றியே ஆக வேண்டுமானால் டைனமோவின் ஃபீல்டு முனையைப் பேட்டரியின் உடலோடு இணையாத முனையால் ஒரு கணம் தொட்டு காந்தத் திசையை மாற்ற வேண்டும். ரெகுலேட்டர் வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். செல்ஃப் மோட்டார் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்யும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கியரில் இருந்தால் வண்டி நேராக உங்கள்மேல் ஏறும், சக்கரத்தின் முன்னால்தானே நிற்கிறீர்கள்.

இப்போது முதல் ஸ்டார்ட். புது எண்ணெய், புது ஃபில்டர். ஃபில்டரை எண்ணெய் நிரப்பி மாட்டுங்கள். ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு, இன்ஜெக்டர் இல்லாத நிலையிலேயே, எண்ணெய் அழுத்த அளவியின் முள் எழும்வரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு இன்ஜெக்டர்களைப் பொருத்தி ஏர் எடுங்கள், அதாவது டீசல் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். வரிசை: ஃபீட் பம்பின் கை லிவரை அடித்து, முதலில் ஃபில்டர் மேல் ஸ்க்ரூ, அடுத்து பம்ப் உடலில் உள்ள ஏர் ஸ்க்ரூ, அதன்பின் கவர்னர் மூடியில் உள்ள ஸ்க்ரூ. குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கை லிவர் அடித்தால் அழுத்தமே இல்லை என்றால், ஃபீட் பம்பின் கேம் உச்சத்தில் நிற்கிறது. எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு அடியுங்கள். கடைசியாக இன்ஜெக்டர் முனையில் உள்ள நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக வைத்து, ஸ்டாப் கம்பியை உள்ளே தள்ளி, டீசல் பீச்சும்வரை சுற்றி இறுக்குங்கள். இறுக்கியதும் ஆக்ஸிலரேட்டரைக் கீழே கொண்டுவாருங்கள்.

ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, இன்டேக் வாயை முழுதாக மூடும் அளவுக்குக் கனமான பலகை ஒன்றோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். எஞ்சின் கட்டுக்கு மீறினால் பலகையை வாயில் வைத்து அழுத்த வேண்டும். உள்ளங்கையோ துணியோ வேண்டாம், இழுத்துக்கொள்ளும். அந்த ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது.

ஓடத் தொடங்கியதும் எண்ணெய் அழுத்தம் பத்து வினாடிக்குள் வராவிட்டால் நிறுத்துங்கள். சூடேறிய பிறகு வேலை வேகத்தில் 30-லிருந்து 60 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும். வெள்ளைப் புகை சூடேறியதும் போனால் சரி, போகாவிட்டால் கம்ப்ரஷன் குறைவு, டைமிங் பிந்தியது, அல்லது தண்ணீர் எரிகிறது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. ஒரு மணி நேரம் சுமை கொடுத்து ஓட்டிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். கறுப்பு, சுமை இல்லாமலே வந்தால் நாசில் அல்லது அடைத்த ஏர் கிளீனர். பிரீதர் குழாயில் (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) தொடர்ந்து புகை ஊதினால் ரிங் போய்விட்டது.

இந்த ஓட்டத்திலேயே லிஃப்ட்டையும் சோதியுங்கள். கனமான கருவி ஒன்றை மேலே தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். சில நிமிடமாக மெல்ல இறங்கினால் வயதுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். சில வினாடியில் விழுந்தால் சிலிண்டர் பிஸ்டன் சீல், மேலே போகும் குழாயின் ஓ-ரிங், கன்ட்ரோல் வால்வு மூன்றில் ஒன்று. தூக்கவே இல்லை, எண்ணெயும் சரி, பி.டி.ஓ. இணைப்பும் சரி என்றால் வால்வு துருவால் ஒட்டியிருக்கும்.

கிளட்ச் பெடலை மிதித்தும் கியர் கரகரத்து விழவில்லை என்றால், பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கிறது. பெடலைக் கட்டையால் அழுத்தி வைத்து இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். விடாவிட்டால் ஆளில்லாத வெட்டவெளியில், இரண்டாம் கியரில் ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்தபடி பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தினால் உதறிக்கொண்டு விடும். அதற்கும் மசியாவிட்டால் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்: முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இரு பக்கமும் மரஆப்பு அடித்து இறுக்குங்கள். முன் அச்சு நடு பின்னில் ஊசலாடும் அமைப்பு. ஆப்பு இல்லாமல் கியர்பாக்ஸைப் பிரித்தால் எஞ்சின் பாதி பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும். பிரித்தபின் கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்கின் பின்சீல், கியர்பாக்ஸ் முன்சீல் எல்லாம் ஒரே தடவையில் போகட்டும்.

பெயின்ட் இதற்கெல்லாம் பிறகுதான். இருபது மணி நேரமாவது ஓட்டி எல்லாக் கசிவையும் நிறுத்தாமல் பெயின்ட் அடித்தால் அந்தப் பெயின்ட் மேலேயே டீசல் ஒழுகும். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், முகமூடி வேண்டும். முழு எஞ்சினுக்கு மணல் அடிக்காதீர்கள், சீல் விளிம்பு வழியாக மணல் உள்ளே போனால் பேரிங் போச்சு. கழற்றிய சிறு இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு அருமையாக வேலை செய்யும்: லிட்டருக்கு 10 கிராம் சலவைச் சோடா, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் பாகத்தில், பாசிட்டிவ் பழைய இரும்புத் தகட்டில். எவர்சில்வர் தகடு போடக் கூடாது, நச்சான குரோமியம் கரையும். அலுமினியப் பாகங்களையும் இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் திறந்த இடத்தில் செய்யுங்கள்.

ஹெட்டைக் கழற்றி மாட்டிய எஞ்சின் என்றால் முதல் 50 மணி நேரம் முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் நட்டுகளைக் கையேட்டு வரிசையில் மறுபடி இறுக்கி, டேப்பெட்டை மீண்டும் வையுங்கள்; நட்டு இறுகியதும் இடைவெளி மாறியிருக்கும். இடுப்புப் பட்டையோடு கூடிய கவிழ்வுக் காப்புச் சட்டம் இந்த வயது வண்டியில் இராது. உழவுக்கும் சரிவு நிலத்துக்கும் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், அந்த மாடலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட சட்டத்தைத் தேடிப் பொருத்துங்கள். அடுத்த முறை வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது கிளட்ச் பெடலை அமுக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள்.